ஒரு பேருந்து என்றால் ஒன்று

மூன்று நாள் வேலை. நாளுக்குத் தொண்ணூறு வெள்ளி.
ஜாலான் ஈப்போ, நாலாங்கட்டை,
டயர் கடைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை,
கட்டைவிரல் அழுத்த ஐந்து பொத்தான் வைத்த கருவி.
தாளில் ஐந்து கட்டம்:
மோட்டார் சைக்கிள், கார், வேன், லாரி, பேருந்து.
இந்த எண்களை வைத்துத்தான் தீர்மானிப்பார்களாம்,
பேருந்துக்கென்று ஒரு தடத்தைப்
பிரித்துக் கொடுப்பதா
வேண்டாமா.

விடிவதற்கு முன் முதல் பேருந்து.
கதவு புஸ்ஸென்று திறக்கிறது.
கைப்பிடிகளில் கைகள், கைகளுக்குக் கீழே முகங்கள்,
நின்றபடி தூங்கும் ஒரு காவலாளி,
பள்ளிப்பையை மார்போடு அணைத்தவள்,
துடைப்பக்கட்டையை யார் காலிலும் படாமல்
செங்கோல் போல் பிடித்திருக்கும் ஒருத்தி.
டிக்.

பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார்.
ஓட்டுபவர். பக்கத்து இருக்கையில்
ஒரு நாசி லெமாக் பொட்டலம்.
டிக்.

ஒன்றுக்கு ஒன்று.
இவ்வளவு சுலபமான சமத்துவத்தை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பேருந்து நிற்பதற்கென்று
சாலையோரத்தை உள்வாங்கி வெட்டியிருக்கிறார்கள்.
பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது:
ஒதுங்கி நில், மற்றவர் போகட்டும்.
உள்ளே போன பேருந்து வெளியே வர
வலது விளக்கு சிமிட்டிச் சிமிட்டிக் கெஞ்சுகிறது.
நாற்பத்தேழு வினாடி. அடுத்ததற்கு ஐம்பத்திரண்டு.
வினாடிக்குக் கட்டம் இல்லை.

மதியம், சிவப்பு விளக்கு விழுந்த நேரம்,
குடையை மடக்கி அளந்து பார்த்தேன்.
ஒரு தடத்துக்கு நாலு குடை.
அப்படி மூன்று தடம்.
நடப்பவருக்கு மிஞ்சியது ஒரு குடை,
அதிலும் பாதி மின்கம்பத்துக்கு.
தடத்துக்கு அரைக் குடை குறைத்தால்
ஒன்றரைக் குடை கிடைக்கும்
(என்னுடையது ஆறாம் வகுப்புக் கணக்குதான்),
இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கலாம்.

டயர் கடை லியோங்குக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.
"தடத்தைப் பிடுங்கிவிட்டால்
என் வாடிக்கையாளர் வண்டியைத் தலையிலா வைப்பார்?"
அவர் கேட்பதிலும் தப்பில்லை.
எட்டேகாலுக்கு அவர் கடைப் பையன் பிரவினேஷ்
பேருந்திலிருந்து குதித்து ஓடி வந்தான்.
கால் மணி தாமதம், மூன்று வெள்ளி வெட்டு.
அதை அவர் எழுதிக்கொண்டார்,
என்னைப் போலவே, ஒரு தாளில்.

மூன்றாம் நாள் மழை.
குடைக்குள் குறுகித் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெறுமை.
ஆறாவது கட்டம் போட்டேன்: ஆட்கள்.
அதற்குப் பொத்தான் கிடையாது.
நாலு கோடு நிமிர்த்தி, குறுக்கே ஒன்று,
வேலி வேலியாக.
ஆறிலிருந்து பத்து வரை
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கார்,
அவற்றில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினொரு பேர்.
நாற்பத்தாறு பேருந்து,
அவற்றில் இரண்டாயிரத்து முந்நூற்று எட்டுப் பேர்,
ஆவி படிந்த கண்ணாடிகளில் குத்துமதிப்பு.
ஈரத்தில் மை கசிந்து
சில வேலிகள் சாய்ந்தன.

புவான் நோராய்னி தாளை வாங்கிப் புரட்டினார்.
"இது யார் கேட்டது?"
கோபமில்லை. களைப்பு.
"கணினியில் ஐந்து பத்திதான் இருக்கிறது."
ஆனாலும் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்தார்.
எதற்கென்று சொல்லவில்லை.

மாலை அதே வழியில் திரும்புகிறேன்.
நிறுத்தத்தைவிட்டு வெளியேற
விளக்கு சிமிட்டுகிறது.
ஓட்டுநர் ஸ்டியரிங்கில் விரல் தட்டுகிறார்,
சட்டைப்பைக்கு மேலே தனேந்திரன் என்று பெயர்.
ஒரு கார் நிற்கவில்லை. இன்னொன்றும்.
கருவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று,
கட்டைவிரல் மட்டும் தானாக அழுந்துகிறது,
நிற்பவர், உட்கார்ந்தவர், நான்.
அப்போதுதான் உறைத்தது:
கார்களில் ஓட்டியவரையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.
பேருந்துகளில் இவரை விட்டுவிட்டேன்.
நாற்பத்தாறு பேர்.